சேர்ந்து ஆடினவங்க ஏன் பிரிஞ்சாங்க?



போன மாதம் ஏனாத்தூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊக்குநர் ஒரு மூலையில், பிரதிநிதி இன்னொரு மூலையில். வங்கிக் கடனுக்கு யார் அதிகமா அலைஞ்சதுன்னு வாக்குவாதம் வந்து, மூணு வாரமா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை. பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேணும். மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்ட அக்கா, இவங்க முகத்தையும் அவங்க முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு இருந்தார். எனக்கு டென்னிஸ் விளையாட்டு ஞாபகம் வந்தது. சிரிக்காதீங்க, சொல்றேன்.

லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி என்று இரண்டு வீரர்கள். பூபதி சென்னையில் பிறந்தவர். பயஸ் சிறுவயதில் சென்னையில் பயிற்சி எடுத்தவர். இருவரும் ஒரே பக்கம் நின்று ஆடும் இரட்டையர் ஆட்டக்காரர்கள். நம்ம கோர்வைச் சேலை மாதிரிதான். தறியில் ஒருத்தர், கரைக்கு நாடா போட பக்கத்தில் ஒருத்தர்.

1999-ல் உலகின் நான்கு பெரிய போட்டிகளிலும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் வென்றார்கள். டேவிஸ் கோப்பையில் தொடர்ந்து 24 வெற்றி. ஆனால் அதற்குள்ளேயே கசப்பு வந்துவிட்டது. பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு பயஸுடன் ஆட பூபதி மறுத்தார். கடைசியில் இரண்டு ஜோடியாகப் போய், இரண்டுமே இரண்டாம் சுற்றில் தோற்றன. அந்தச் சண்டையில் சானியா மிர்சாவும் சிக்கினார். ஒரு ஆளைச் சமாதானப்படுத்த என்னை இரையா வைக்கிறதா என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கேள்விதான்!

இன்னொரு பக்கம் பாருங்க. அமெரிக்காவின் கிறிஸ் எவர்ட், செக் நாட்டில் பிறந்த மார்ட்டினா நவ்ரதிலோவா. 1973 முதல் 1988 வரை 80 முறை எதிரெதிரே மோதினார்கள். மார்ட்டினா 43, கிறிஸ் 37. ஆனாலும் தோழிகள். பிற்காலத்தில் இருவருக்கும் புற்றுநோய் வந்தபோது ஒருவருக்கொருவர் துணையா நின்றார்கள்.

எதிரியா ஆடினவங்க தோழிகள், ஒரே பக்கம் ஆடினவங்க பகையாளிகள். ஏன்? எதிரெதிரே ஆடும்போது யாருக்கு எத்தனை புள்ளின்னு ஊரே பார்க்குது. சேர்ந்து ஆடும்போது வெற்றி ஒண்ணுதான். அதில் யார் பங்கு எவ்வளவுன்னு பலகையில் எழுதுறதில்லை. அவங்கவங்க மனசுக்குள்ளேயே கணக்கு எழுதுறாங்க. அந்தக் கணக்கில் நம்ம வேலை எப்பவும் கூடுதலாத்தான் இருக்கும். இதற்கு நடுவில் சேதி சொல்லப் போறவங்க வேற.

அன்றைக்கு அந்த இருவரையும் ஒரு வேலை செய்யச் சொன்னேன். கடனுக்காக மற்றவர் செய்ததை மட்டும் சொல்லணும், தன்னுடையதைச் சொல்லக்கூடாது. பிரதிநிதி யோசித்து, "மழையில நாலு தடவை பேங்குக்குப் போனாங்க" என்றார். ஊக்குநர், "கணக்கெல்லாம் ராத்திரி உட்கார்ந்து அவங்கதான் எழுதினாங்க" என்றார். தீர்மானப் புத்தகத்தில் இரண்டையும் எழுதினோம். மறுநாள் கையெழுத்து ஆனது. பழைய மாதிரி சிரிச்சுப் பேசலை, உண்மைதான். அந்தப் பெண்ணுக்குக் கட்டணம் கட்டியாச்சு.

அடுத்த கூட்டத்தில் உங்க குழுவிலும் இதைப் பேசிப் பாருங்க. பதிவேட்டில் இதுவரை எழுதாத யாருடைய உழைப்பு உங்க குழுவில் இருக்கு?