ஒரே பயிற்சி, வெவ்வேறு பலன்: மூச்சுத்திறனும் மரபணுக்களும்

இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருவோர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: “என்னோடு தொடங்கியவர் இளைக்காமல் மாடி ஏறுகிறார், எனக்கு மட்டும் ஏன் முன்னேற்றம் குறைவு?” சோம்பலே காரணமென்று வீட்டார் சிலர் கடிந்துகொள்வதும் உண்டு. அது பல வேளைகளில் நியாயமன்று.

நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் நோயாளிக்கும் அடிப்படை ஒன்றே: கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘ஹெரிட்டேஜ்’ ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமற்ற பெற்றோரும் பிள்ளைகளும் 20 வாரங்கள், வாரத்துக்கு 3 நாள், நிலைமிதிவண்டியில் பயின்றனர். உச்ச அளவு சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலிட்டர் உயர்ந்தது. ஆனால் சிலருக்கு உயர்வு ஏறத்தாழ இல்லை. சிலருக்கோ ஒரு லிட்டரைத் தாண்டியது. இவ்வேறுபாட்டில் கிட்டத்தட்டப் பாதிவரை குடும்பவழி வருவதாக ஆய்வாளர் கணித்தனர்.

ஒற்றை மரபணுவே பெரும்பயன் தருவது அரிது. 1964 இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் 2 தங்கம் வென்ற பின்லாந்து வீரர் ஈரோ மான்டிராண்டாவின் குடும்பத்தில், சிவப்பணுக்களை மிகுதியாக உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தது 1993இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றத்தைப் பெற்ற உறவினர் எல்லோரும் வீரர்களாகிவிடவில்லை. மற்றையோரிடம் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகவே பங்களிக்கின்றன. ஆகவே, குழந்தை ஓட்டவீரனாவானா என்று உமிழ்நீரைக் கொண்டு கணித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் சோதனைகளுக்குப் பணம் செலவிடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

மூச்சுத்திறன் மெல்ல உயர்பவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றில் நற்பலன் கிட்டக்கூடும். பயிற்சி நாள்களைக் கூட்டினால் மூச்சுத்திறனும் உயர வாய்ப்புண்டு. அதை நீங்களாகச் செய்யாமல் பயிற்றுநரிடம் கேளுங்கள். உங்கள் நடைச்சோதனை முடிவைச் சென்ற மாத முடிவோடு ஒப்பிடுங்கள், அடுத்தவருடையதோடு அன்று.

மரபு உண்மையிலேயே எச்சரிக்கும் இடம் ஒன்றுண்டு. இதயத்தசை தடிக்கும் நோய் பல குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. கடும் உழைப்பின்போது அது உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்த உறவினர் எவரேனும் 50 வயதுக்குமுன் திடீரென இறந்திருந்தாலோ, உழைக்கையில் உங்களுக்கே மயக்கம் வந்திருந்தாலோ, பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.