ஐப்பசியில் மலைக்கு வருகிறாயா?

அன்புள்ள மருமகளுக்கு,

புதுக் கேமரா வாங்கியிருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். தீபாவளி லீவில் கல்வராயன் மலைக்கு வந்து இலையுதிர்காலப் படம் எடுக்கப் போவதாக நீ அனுப்பிய சேதியைப் படித்தேன். கூடவே வந்த மேப்பிள் மரப் படங்களையும் பார்த்தேன். அழகுதான். ஆனால் அந்தச் சிவப்பை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் உனக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நம் மலையில் காடு இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில், தண்ணீர் வற்றிக் காயும்போது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து எல்லாம் பச்சையாக நிற்கும்.

சிவப்பு வேண்டுமானால் வேலியோரத்துச் செங்காந்தளைத் தேடு. விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் இதழ், நாள் ஆக ஆக முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் அத்தனை நிறமும் கிடைக்கும். பறித்து விளையாடாதே, கிழங்கிலிருந்து விதை வரை விஷம்.

ஐப்பசி, கார்த்திகை மாத வெளிச்சம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மழை தூசியைக் கழுவிவிடும். கோடையில் கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் மங்கல் கோடாகத் தெரிகிற மலை, நல்ல மழைக்கு மறுநாள் காலையில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். வெயிலும் சாய்ந்து விழும். ஆவணித் தொடக்கத்தில் உச்சிவேளைச் சூரியன் நம் ஊருக்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்கிறது. கார்த்திகை பிறக்கும்போது அது தெற்கே இறங்கி 60 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பகலிலும் நிலத்தின் மேடுபள்ளம் நிழலோடு தெரியும்.

ஆனால் காலைப் பொன்வெயில் நமக்குக் கொஞ்ச நேரம்தான். குளிர்நாடுகளில் சூரியன் சரிவாக, மெதுவாக ஏறும். அங்கே இருப்பவர்கள் எழுதிய புத்தகங்களில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நம் பக்கம் அது செங்குத்தாக ஏறிவிடும். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளுத்துவிடும். நவம்பர் நடுவில் ஆறு மணி தாண்டித்தான் உதயம். நீ ஐந்தரைக்கே இடத்தைப் பார்த்து ட்ரைபாடை ஊன்றியிருக்க வேண்டும். ஆறரைக்கு எழுந்து டீ குடிக்கிறவர்களுக்கு இந்தத் தொழில் கிடையாது.

காலையில் கோமுகி அணைக்குப் போ. மலை மேற்கே இருப்பதால் உதிக்கிற வெயில் நேரே அதன் முகத்தில் விழும். மாலையில் அதே இடத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது மலை வெறும் கறுப்பு உருவம். அந்த நேரத்தில் மலையை விட்டுவிட்டு கச்சிராயப்பாளையம் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு வா. கார்த்திகையில் சில ரகங்கள் பூத்திருக்கும். எதிர்வெயிலில் அந்தப் பூ வெள்ளியாக மின்னும். சர்க்கரை ஆலைக்கு வெட்டுப் போவதற்குள் எடுத்துவிடு.

மேலே வெள்ளிமலைப் பக்கம் மூட்டம் இறங்கினால் பையை மூடிவிடாதே. வெண்மையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை கூட்டிக்கொள். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வெயில் ஆகாது. வானம் மூடிய நாளில் போ. போலரைசர் ஃபில்டரைத் திருகினால் நனைந்த பாறையிலும் இலையிலும் இருக்கிற பளபளப்பு அடங்கிப் பச்சை எழும். ஷட்டரை கால் நொடி, அரை நொடி என்று வைத்தால் போதும். பத்து நொடி திறந்து வைத்து அருவியைப் பஞ்சுமிட்டாயாக்கும் நாகரிகம் எனக்குப் பிடிப்பதில்லை. தண்ணீருக்கு வேகம் இருக்கிறது, அது படத்தில் தெரிய வேண்டும். ஒரே நாளில் எல்லா அருவியையும் பார்க்கிற கூட்டத்தில் நீ சேராதே. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே உட்கார்.

ஒரு காலை முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார். காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காடுகளை அப்படித்தான் எடுத்தார், பல கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு. அவருடைய ‘மழைக்காலமும் குயிலோசையும்’ புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொண்டு போ. என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நீ வரும்போது மலைமேல் சாமை விளைந்து கதிர் கவிழ்ந்திருக்கும். அறுப்பில் ஆட்கள் நிற்பார்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுப் படம் எடுக்காதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, இந்த மலையின் பெயர் சாராய வேட்டையோடு சேர்ந்தே செய்திகளில் வந்தது. இங்கே உழுது பிழைக்கிற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அதில் எவ்வளவு மனவருத்தம் இருக்கும் என்று யோசித்துப் பார். அறிமுகமில்லாதவர் கையில் கேமராவைக் கண்டு அவர்கள் முகம் திருப்பினால் தப்பில்லை. கிட்டப் போய்ப் பேசு. வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. சரி என்றால், எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடு. அந்தச் செலவு என்னுடையது.

ஏசி காரிலிருந்து இறங்கினதும் லென்ஸில் ஆவி படரும். துடைத்துத் துடைத்துக் கெடுக்காதே, பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்தால் தானே தெளியும். ட்ரோன் கொண்டு வராதே. மலையில் காப்புக்காடு இருக்கிறது, அனுமதியில்லாமல் பறக்க விட்டால் வம்பு. அருவித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே எங்கோ கொட்டுகிறது என்று அர்த்தம். ட்ரைபாட் போனாலும் பரவாயில்லை, கரையேறிவிடு.

கிளம்புவதற்கு முதல் நாள் வானிலை பார்த்துவிட்டுப் போன் போடு. வங்கக்கடலில் புயல் சின்னம் என்றால் மலைப்பயணம் கிடையாது, வீட்டில் உட்கார்ந்து என் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடு.

அன்புடன்,
மாமா
கள்ளக்குறிச்சி