மூட்டுவலித் தைலம்: வீட்டு மாடத்திலிருந்து வகுப்பறைக்கு

வளவனூர் வட்டாரத்தில் நடவு, களையெடுப்பு, மணிலா பிடுங்குதல் எல்லாமே குனிந்தோ குந்தியோ செய்யும் வேலைகள். எங்கள் மாணவர்களின் வீடுகளில் மூட்டுவலி பழகிப்போன விருந்தாளி. அதற்கான தைலமும் மாடத்தில் எப்போதும் இருக்கும். தினமும் மாணவர்கள் பார்க்கும் இந்தப் பொருளை வைத்து 9ஆம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளுக்கு ஒரு செயல்திட்டம் நடத்தினேன். தாவரவியல், நரம்பு மண்டலம், வேதியியல், நுகர்வோர் விழிப்புணர்வு ஆகிய நான்கும் இதில் இயல்பாகவே இணைகின்றன. மற்ற பள்ளிகளிலும் நடத்தலாம் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

செயல்பாடு 1: வீட்டில் கேட்டு வருதல்

"கைகால் வலித்தால் உங்கள் வீட்டில் என்ன தடவுவார்கள்?" என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். நொச்சியிலை ஒற்றடம், கற்பூரம் கலந்த வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், கடையில் வாங்கும் பாம், முடக்கத்தான் தோசை என்று பட்டியல் நீண்டது.

இந்தப் பெயர்களைத் தமிழ்ப் பாடத்தோடு இணைக்கலாம். முடக்கத்தான் என்று நாம் சொல்வது முடக்கறுத்தான். முடக்கு + அறுத்தான் என்று பிரித்துக் காட்டினால், பெயரே அதன் பயனைச் சொல்வதை மாணவர்கள் உணர்வார்கள். வாதநாராயணன், வாதமடக்கி (தழுதாழை) ஆகிய பெயர்களும் அப்படியே. சித்த மருத்துவம் அக மருந்துகளை 32 வகையாகவும் புற மருந்துகளை 32 வகையாகவும் பிரிக்கிறது. ஒற்றடம், பற்று, பூச்சு, தொக்கணம், களிம்பு ஆகியவை புற மருந்துகளைச் சேர்ந்தவை. பாட்டிகள் செய்யும் வைத்தியத்துக்குப் பின்னால் முறையாக வகுக்கப்பட்ட ஒரு மருத்துவ மரபு இருப்பதை மாணவர்கள் அறிய இது நல்ல வாய்ப்பு.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், தைலம் தேய்ச்சா எங்க ஆயாவுக்கு வலி போயிடுது. அப்போ முட்டி சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?" அடுத்த இரண்டு செயல்பாடுகளும் இந்தக் கேள்விக்கு விடை தேடியவைதான்.

செயல்பாடு 2: புதினா மிட்டாய்ச் சோதனை

ஒரே குடத்துத் தண்ணீரை இரண்டு குவளைகளில் ஊற்றி, வெப்பநிலைமானியால் அளந்து, இரண்டும் சமம் என்று உறுதிசெய்யுங்கள். முதல் குவளையிலிருந்து ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். பிறகு புதினா மிட்டாய் ஒன்றைச் சப்பிவிட்டு, இரண்டாம் குவளையிலிருந்து ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். "ஜில்லுன்னு இருக்கு டீச்சர்!" என்று வகுப்பே சொல்லும். மீண்டும் அளந்து பாருங்கள். தண்ணீரின் வெப்பநிலை மாறியிருக்காது.

மாறியது தண்ணீர் இல்லை, நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தி. குளிரை உணரும் நரம்பு நுனிகளில் ஒரு புரத வாயில் இருக்கிறது. குளிர்ச்சி பட்டால் திறக்க வேண்டிய அந்த வாயிலை மெந்தாலும் திறந்துவிடுகிறது. இதைப் போலவே, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறக்கும் வேறொரு வாயிலை மிளகாயிலுள்ள கேப்சைசின் திறக்கிறது. மிளகாய்ச் சத்து சேர்த்த களிம்புகள் சுடுவதுபோல் தோன்றுவது இதனால்தான். மிளகாயைக் கொண்டு அந்த வெப்ப வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடு உணர்வு வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தேய்ப்பதற்கும் தனிப் பலன் உண்டு. தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தூண்டப்படும்போது தண்டுவடத்தில் வலிச் செய்தி மட்டுப்படுகிறது என்று மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965இல் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட இடத்தை நம் கை தானாகத் தேய்ப்பதும் இதனால்தான்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்தில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லாததால் எளிதில் வளர்ந்து சீராகாது. தோலின் மேல் தடவும் தைலமும் அதை வளர்க்காது. ஆனால் வலி குறைந்தால் ஆயாவால் நடக்க முடியும். நடையும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் மூட்டின் சுமையைக் குறைக்கும். அந்த அளவில் தைலம் உண்மையான துணை. அதன் வேலை வலியைத் தணிப்பது. தேய்ந்த மூட்டைச் சரிசெய்வது அதன் வேலை அன்று.

எல்லா மூலிகைக் களிம்பும் ஒரே பலன் தருவதில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கான மூலிகைப் பூச்சுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஆர்னிகா களிம்பு அழற்சி நீக்கும் களிம்புகளுக்கு இணையாகப் பயன்படக்கூடும் என்றும், சோதிக்கப்பட்ட மிளகாய்ச் சத்துக் களிம்பு அநேகமாகப் பயன்தரவில்லை என்றும் கூறியது. மரபு அறிவையும் சோதித்துப் பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செயல்பாடு 3: அட்டையைப் படித்தல்

புட்டியைக் கொண்டுவரச் சொல்லாமல், அதன் அட்டையில் உள்ளதை மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள். சித்த அல்லது ஆயுர்வேத மருந்து என்ற குறிப்பு, சேர்மானங்கள், உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், வெளி உபயோகத்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கை ஆகியவை இருக்கின்றனவா என்று குழுவாகச் சரிபார்க்கலாம். சந்தையில் பெயரில்லாப் புட்டியில் விற்கும் எண்ணெயில் இவை எதுவும் இருக்காது. மூட்டுவாதத்தைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் இங்கே சொல்லலாம்.

சேர்மானங்களில் மெத்தில் சாலிசிலேட் அடிக்கடி தென்படும். நீலகிரி மலைகளில் வளரும் ஒரு செடியின் இலைகளிலிருந்து கிடைக்கும் விண்டர்கிரீன் எண்ணெயின் முதன்மைப் பொருள் இது. மேல்நிலை வேதியியல் ஆசிரியர்கள் எஸ்டராக்கலுக்கு இதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒரு தேக்கரண்டி (5 மி.லி.) விண்டர்கிரீன் எண்ணெயில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் உள்ளது, 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். எனவே தைலப் புட்டி குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். புண்ணின் மேலும் கண்ணருகிலும் தடவக் கூடாது. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துவிடும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது.

நம் கவனத்துக்கு: குழந்தைக்கு மூட்டுவலி வந்தால்

இந்தச் செயல்திட்டத்தை நான் வலியுறுத்த முதன்மைக் காரணம் இதுதான். ஆயாவுக்குத் தடவும் தைலத்தையே பேரப்பிள்ளைக்கும் தடவிக் காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு என்று வலி இடம் மாறி மாறி வந்தால், அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வீக்கம் சில வாரங்களில் தழும்பின்றி ஆறிவிடும். இதய வால்வுகளில் ஏற்படும் சேதமோ வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். தைலம் தடவியதால் குணமாயிற்று என்று வீட்டில் நிம்மதியடைவார்கள். உரிய காலத்தில் கண்டறிந்தால், குறித்த இடைவெளியில் போடும் பென்சிலின் ஊசியால் நோய் திரும்புவதையும் அதனால் வால்வு மேலும் பாதிக்கப்படுவதையும் தடுக்கலாம்.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை:

• காய்ச்சலோடு மூட்டுவலி
• ஒரு மூட்டாவது வீங்கியோ சூடாகவோ இருத்தல்
• நொண்டி நடத்தல், விளையாட்டைத் தவிர்த்தல்
• காலையில் விறைப்பு. 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி
• மாடி ஏறினால் மூச்சு வாங்குதல்

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பெற்றோரை அழைத்துப் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் அந்த மாணவரைக் காட்டுங்கள்; அவர்கள் பரிசோதிக்கும் நோய்களில் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் பெறலாம்.

மதிப்பீடாக, "தைலம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்" என்று வீட்டுப் பெரியவருக்கு 10 வரிகளில் கடிதம் எழுதச் சொன்னேன். தேர்ந்த கடிதங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்கலாம். நாம் சொல்வதைவிட, தம் பிள்ளை வாசிப்பதைப் பெற்றோர் கூடுதல் கவனத்தோடு கேட்பார்கள்.