மரபணுவும் மனத்தயக்கமும்

பெற்றோரிடமிருந்து குழந்தை முகச்சாயலையும் உயரத்தையும் பெறுகிறது. சில நோய்களும் அவ்வாறே மரபணு வழியாக வருகின்றன. அவற்றுள் ஒன்று தலசீமியா. இதன் கடுமையான வகையில் உடலில் போதிய ஹீமோகுளோபின் உண்டாவதில்லை. ஆதலால் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும்.

ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக மரபணுக்களை இணையாகப் பெறுகின்றனர். அவ்விணையில் ஒன்று மட்டும் பழுதுற்றிருப்பவர் ‘தாங்கி’ எனப்படுவார். அவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். பெற்றோர் இருவரும் தாங்கிகளாயின், குழந்தை நோயுடன் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தை நலமாகப் பிறந்தாலும், அடுத்த குழந்தைக்கும் அதே வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர் தாங்கிகள் என மதிப்பிடப்படுகிறது. குருதி ஆய்வின்மூலம் இதனை அறியலாம். ஆயினும், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் இணையருள் சிலர் ஆய்வுக்குத் தயங்குகின்றனர். “எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லையே!” என்பர் சிலர். தாங்கியிடம் நோய் வெளிப்படாமையால், பல தலைமுறைகள் அறியாமலே கடந்துவிடக்கூடும். மனைவி தாங்கி எனத் தெரிந்தவுடன் அவர்மேல் பழி சுமத்துவோரும் உளர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் கடுமையான நோய் உண்டாகும். ஆதலால் கணவரும் ஆய்வு செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. மரபணுவை எவரும் தாமே தேர்ந்து பெறுவதில்லை. எனவே பழிக்கு இங்கு இடமில்லை.

சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ எழுவருள் ஒருவர் தாங்கி. அங்கு 1970களில் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. பின்னர், தேவாலயத்தில் மணம் புரிய விரும்புவோர் ஆய்வுச் சான்று பெறுவது வழக்கமாயிற்று. இருவரும் தாங்கிகள் என அறிந்த பின்னரும் பெரும்பாலோர் திருமணத்தைக் கைவிடவில்லை. மருத்துவரிடம் அறிவுரை பெற்று, மகப்பேறு குறித்துத் தாமே முடிவெடுத்தனர். நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கு மிகவும் குறைந்தது. தாங்கியாயிருப்பது இழிவு என்னும் எண்ணம் நீங்கிய இடத்தில், ஆய்வுக்கு அஞ்சுவோரும் குறைவர்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
இணையர் – கணவன் மனைவி
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
இழிவு – தாழ்வு

வினாக்கள்
1. ‘தாங்கி’ எனப்படுபவர் யார்?
2. கணவரும் ஆய்வு செய்துகொள்ள வேண்டுவது ஏன்?
3. “எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லையே!” என்பாருக்கு நீவிர் கூறும் விடை யாது?
4. பிரித்து எழுதுக: முதற்குழந்தை, முகச்சாயல்.