ஹுட்கா ஒலிக்கும் நடவு வயல்
குமாவுன் மலையிலிருந்து கடைமடைக்கு ஒரு பாடம்

காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீஸ்வரர் கோயில் இருக்கிறது. பாடல் பெற்ற தலம். பழைய பெயர் திருத்தெளிச்சேரி. சிவபெருமான் உழவராக வந்து இங்கே விதை தெளித்தார் என்பது தலக்கதை. விதைத்தெளி உற்சவம் இன்றும் நடக்கிறது. சாமியே வயலில் இறங்கிய ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அதே ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் இப்போது நடவு நாளில் என்ன சத்தம் கேட்கிறது? இயந்திரம் ஓடினால் அதன் இரைச்சல். ஆட்கள் நட்டால் "சீக்கிரம், சீக்கிரம், அடுத்த வயலுக்குப் போகணும்" என்ற அவசரம். குலவை கேட்டு ரொம்ப நாளாகிறது.

இதை வெறும் ஏக்கமாக எழுத நான் வரவில்லை. ரசாயனம் இல்லாமல் நெல் விளைவிக்கிற நமக்கு, நடவு எப்படி நடக்கிறது என்பது நேரடியாகக் களைச் செலவைத் தொடுகிற விஷயம். அதனால்தான் நான் பார்த்த ஒரு மலைக்கிராம நடவை முதலில் சொல்கிறேன்.

மலையில் பார்த்தது

வங்கி வேலையில் எனக்கு ஒருமுறை அல்மோரா பக்கம் மாற்றல் வந்தது. அப்போது அது உத்தரப் பிரதேசம். 2000 நவம்பர் 9-இல்தான் உத்தராகண்ட் தனி மாநிலம் ஆனது. அல்மோராவுக்கு வடக்கே சோமேஷ்வர் பள்ளத்தாக்கு. கோசி ஆறு ஓடும் இடம். மலை என்றால் மானாவாரிக் கேழ்வரகும் குதிரைவாலியும்தான் என்று நினைத்திருந்தேன். ஆற்றோரத்தில் நம்மூர் மாதிரியே தண்ணீர் கட்டிய நெல் வயல்கள்! அவற்றை அங்கே 'சேரா' என்பார்கள்.

பயிர்க்கடன் விஷயமாகப் போனவன், வரப்பிலேயே நின்றுவிட்டேன். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுப் பின்னால் நகர்கிறார்கள். எதிரே சேற்றில் ஒரு பெரியவர், தோளில் ஒரு சிறு மேளம். இடை சிறுத்த மரக்கட்டை, இரண்டு பக்கமும் தோல், நடுவே கயிறு. நம் உடுக்கைக்கு அண்ணன் என்று சொல்லலாம். பெயர் ஹுட்கா. தோளில் மாட்டிய வாரை இழுத்தும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குகிறார். அவர் ஒரு வரி பாட, பெண்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். கை நிற்கவே இல்லை.

இதற்கு 'ஹுட்கியா பௌல்' என்று பெயர். ஹுட்கா வாசிப்பவர் ஹுட்கியா. பௌல் என்பது வயலில் கூடிச் செய்யும் வேலையைக் குறிக்கும். ஆடி பிறப்பதற்கு முன் வரும் நெல் நடவிலும், கேழ்வரகுக் களையெடுப்பிலும் இது நடக்கும்.

மேளத்துக்கு அங்கே என்ன வேலை?

முதலில் அது வழிபாடு. காலையில் பாட்டு பூமியா என்கிற நிலத்துத் தெய்வத்தைக் கூப்பிட்டுத் தொடங்கும். மழை வேண்டும், நடுகிறவர்கள் தலைக்கு மேல் கொஞ்சம் மேக நிழல் வேண்டும் என்று கேட்பார்கள். மாலையில் நிலத்துக்காரர், நட்டவர்கள், மாடு, கன்று எல்லோரையும் வாழ்த்தி முடியும்.

இரண்டாவது, அது கதை. நடுப்பகலில் கத்யூரி அரசர்களின் வீரக்கதையோ, ராஜுலா – மாலூஷாஹி காதல் கதையோ நீளும். வெயில் ஏறும்போதுதான் கதை சூடு பிடிக்கும். இடுப்பு வலி கொஞ்சம் மறந்துபோகும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். அது வேகக் கட்டுப்பாடு. வரிசையில் கைத்தேர்ந்தவரும் இருப்பார், புதிதாக வந்த பெண்ணும் இருப்பார். தாளம் இருவரையும் ஒரே நடைக்குக் கொண்டுவருகிறது. வேகமானவர் முன்னே ஓட முடியாது. மெதுவானவர் தனியாகப் பின்தங்க மாட்டார். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

எங்கள் கடன் விண்ணப்பத்தில் விதை, உரம், உழவு, ஆள்கூலி என்று கட்டம் உண்டு. ஹுட்கியாவுக்குக் கட்டம் கிடையாது. அவருக்கு அறுவடையில் தானியம் கொடுத்தார்கள். பெண்கள் பலர் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. இன்று உன் வயல், நாளை என் வயல் என்று மாறி மாறி நடுகிறவர்கள்.

ஒன்றை அன்று பார்த்தும் நான் கேட்காமல் வந்துவிட்டேன். சாப்பாட்டு வேளையில் அந்தப் பெரியவர் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார். ஹுட்கியாக்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். வயலுக்கு நடுவே நின்று பூமியையே கூப்பிடுகிறவருக்குப் பந்தியில் இடமில்லை. பிறகு மலைக்கிராமங்கள் காலியாகத் தொடங்கின. 2011-க்குப் பின் 734 ஊர்கள் ஆளில்லாமல் போனதாக மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் சொன்னது. நட ஆளில்லை என்றால் மேளமும் இல்லை. ஆனால் ஹுட்கியாவின் பிள்ளைகள் மேளத்தை இறக்கி வைத்ததற்கு அந்தத் தனிப்பந்தியும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

என் வயலில் நான் செய்த தவறு

ஓய்வுக்குப் பின் ஒன்றரை ஏக்கரில் ஒற்றை நாற்று நடவு. உங்களுக்குத் தெரிந்த கணக்குதான்: 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து. வரிசை நேராக இருந்தால்தான் கோனோவீடர் ஓடும். வரிசை கோணினால் கருவி பயிரையே மிதிக்கும்; பிறகு கையால்தான் களை எடுக்க வேண்டும். களைக்கொல்லி அடிக்காத நமக்கு அது பெரிய செலவு.

மதியத்துக்கு மேல் வரிசை கோணுவதைப் பார்த்தேன். ஹுட்கா ஞாபகம் வந்தது. வரப்பில் ஒரு ஸ்பீக்கரை வைத்துச் சினிமாப் பாட்டு போட்டேன். முதலில் சிரித்தார்கள். பத்து மணிக்கு நடவு கோஷ்டியின் தலைவி அக்கா நிமிர்ந்து, "சார், அத நிறுத்துங்க. அது பாட்டுக்கு ஓடுது, எங்க கைக்குச் சேரல. நாங்க பாடணும்னா மூச்சு வேணும். ஏக்கர் காண்ட்ராக்ட்ல மூச்சு எங்கேருந்து வரும்?" என்றார்.

முப்பது வருஷம் கணக்குப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்களோ அவ்வளவு லாபம் அவர்களுக்கு. பாட்டு அந்தக் கணக்குக்கு எதிரி.

தப்பு வாசிக்கிற ஒரு பெரியவரையும் போய்ப் பார்த்தேன். நடவுக்கு வந்து அடிக்க முடியுமா என்று கேட்டேன். உட்காரச் சொல்லி, டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல கூப்பிட்டா போய்த்தான் ஆகணும். இப்ப போறதா வேணாமான்னு நாங்க முடிவு பண்றோம். இது வர்றதுக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு சார். பழமைன்னு சொல்லி அதத் திருப்பிக் கேக்காதீங்க."

பதில் சொல்ல முடியவில்லை. இது பண்ணையாள் முறை ஊறிய மண். அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. இந்த வயல்களில் பாடிய பாட்டெல்லாம் சந்தோஷத்தில் பாடியதல்ல.

மாற்றிப் பார்த்தது

சென்ற சம்பாவில் காண்ட்ராக்டை விட்டேன். நாள் கூலி, காலையிலும் மதியத்திலும் ஓய்வு, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை அக்காவே முடிவு செய்வது, அறுவடையில் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல். பாடச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் நாள் மதியம் அவர்களாகவே ஆரம்பித்தார்கள். அக்கா ஒரு வரி, மற்றவர்கள் ஒரு வரி. சேற்றில் கை போகிற சத்தமே தாளம்.

கணக்கையும் நேர்மையாகச் சொல்கிறேன். நடவுச் செலவு கூடியது. ஒரு நாள் அதிகம் பிடித்தது. ஆனால் வரிசை கடைசி வரை நேராக நின்றது. கோனோவீடர் தடங்கலில்லாமல் ஓடியது. ஒரு கைக்களை மிச்சம். செலவும் மிச்சமும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு நடவுக்கு ஆள் தேடி நான் அலையவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

1. ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கர் காண்ட்ராக்ட் பேசாதீர்கள். நாள் கூலி பேசுங்கள்.

2. வேகத்தை நடுகிறவர்களிடம் விடுங்கள். கயிறு பிடிப்பது, நாற்றுக் கட்டை எடுத்துக் கொடுப்பது நம் வேலை.

3. பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடவு நாட்களை வரிசைப்படுத்துங்கள். அதே கோஷ்டிக்கு இரண்டு வாரம் தொடர்ந்து வேலை இருந்தால் அவசரம் குறையும்.

4. கலைஞரை அழைத்தால் தொகையை முன்பே பேசிக் கொடுங்கள். வர மறுத்தால் மறு பேச்சு வேண்டாம்.

5. சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. நாமும் அதில்தான்.

தப்பு வாசிக்கிற பெரியவர் இன்னும் என் வயலுக்கு வரவில்லை. போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, "உங்க நடவுல பொம்பளைங்க பாடினாங்களாமே?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். அழைக்கவில்லை. அறுவடைக்குத் தேதி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.