வெயிலில் மாறும் காற்று

நம்பிக்கை: ஆலைப் புகையை அடைத்துவிட்டால் நகரக் காற்று தெளிந்துவிடும்.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் இப்படித்தான் நம்பினார்கள். கண் எரிந்தது, தொண்டை கமறியது. எதிரி நாடு விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூடப் பயந்தார்கள். பழி ஒரு செயற்கை ரப்பர் ஆலையின் தலையில் விழுந்தது. ஆலையை மூடிப் பார்த்தும் எரிச்சல் ஓயவில்லை.

விடை, அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட்டிடமிருந்து வந்தது. வாசனையைக் குளிர்வித்துப் பிடிக்கும் அதே முறையில் நகரக் காற்றை இழுத்துப் பார்த்தார். குழாயில் நெடியடிக்கும் பழுப்புத் திரவம் சில சொட்டுகள் தேங்கின. எந்த ஆலையும் அந்தச் சரக்கை அப்படியே வெளியே விடவில்லை. அது காற்றிலேயே உருவானது. வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் வினைபுரிந்து ஓசோனைப் பிறப்பிக்கின்றன என்று 1952இல் எழுதினார். ஓசோனை அளக்க அவருக்கு மடக்கிய ரப்பர் துண்டே போதுமாக இருந்தது. எத்தனை நிமிடத்தில் அதில் வெடிப்பு விழுகிறது என்று பார்ப்பார். எனக்கு இன்றும் வியப்பூட்டும் அளவுகோல் இது.

நம்பிக்கை: வாடை போய்விட்டால் ஆவியும் போய்விட்டது.

போகவில்லை, உருமாறுகிறது. காற்றில் ஹைட்ராக்சில் என்ற, சட்டென வினைபுரியும் தனி உறுப்பு (free radical) இருக்கிறது. ஒரு நொடிகூட நிலைக்காது. அதற்குள் எதிர்ப்படும் மூலக்கூறைத் தாக்கிவிடும். அதன் கையில் சிக்கும் ஹைட்ரோகார்பன்களில் டொலுயீன் ஓரிரு நாள் தாங்கும், பென்சீன் பத்து நாள் அளவுக்கு, மீத்தேன் பத்தாண்டு அளவுக்கு. சிதையும் வழியில் ஃபார்மால்டிஹைடு பிறக்கும். அதுவும் கண்ணை எரிக்கும்.

இதனால்தான் அளப்பவர்கள் ஒரே எண்ணோடு நிற்பதில்லை. காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய எஃகுக் குடுவையின் திருகைத் திறந்தால், வெளிக்காற்று சீறிக்கொண்டு உள்ளே ஏறும். ஆய்வகத்தில் வாயு குரோமட்டோகிராஃப் அதை ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் காட்டும். பென்சீனோடு ஒப்பிட டொலுயீன் நிறைய இருந்தால், அது பக்கத்துச் சாலையின் புதுப்புகை. டொலுயீன் தேய்ந்திருந்தால், எங்கிருந்தோ வெயிலில் பயணப்பட்டு வந்த காற்று.

நம்பிக்கை: மரம் ஹைட்ரோகார்பன் விடாது.

விடும். ஓக், யூக்கலிப்டஸ் போன்றவை ஐசோப்ரீன் என்ற ஹைட்ரோகார்பனை விடுகின்றன. உலகத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் வெளியிடுவதாகக் கணக்கு. ஆனாலும் நைட்ரஜன் ஆக்சைடு இல்லாமல் அதிலிருந்து ஓசோன் பெருகாது. மரங்கள் அடர்ந்த அட்லாண்டாவை ஆராய்ந்து 1988இல் வந்த ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது: அங்கே வண்டிகளின் ஹைட்ரோகார்பனை மட்டும் குறைத்தால் ஓசோன் போதிய அளவு இறங்காது, நைட்ரஜன் ஆக்சைடையும் பிடித்தாக வேண்டும்.