கூலி என்னும் சொல்



உழைப்பின் பெருமையைப் பற்றி நம்மில் பேசாதவர் இல்லை. மேடையில் பேசுகிறோம், திருமண வாழ்த்துரையிலும் பேசுகிறோம். ஆனால் உழைப்பைப் புகழ்வது வேறு, உழைப்பவரை மதிப்பது வேறு. முன்னதற்கு நாக்கு போதும். பின்னதற்குக் கல்லாப்பெட்டியைத் திறக்க வேண்டும்.

அடியேன் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்து, பன்னிரண்டு வயதில் கடைக்கு வேலைக்கு வந்தவன். பண்டிதன் அல்லன். ஆயினும் ஒரு சொல்லைப் பற்றிச் சில காலமாக எண்ணி வருகிறேன். அந்தச் சொல் 'கூலி'. ஒரு சமுதாயம் உழைப்பை எப்படிக் கருதுகிறது என்பதை அறிய, அது அந்தச் சொல்லை எப்படி வழங்குகிறது என்று பார்த்தாலே போதும் என்று தோன்றுகிறது.

நூல்களில் உழைப்பு

திருக்குறளில் சோம்பலைக் கண்டிக்க 'மடியின்மை' என்று 61ஆம் அதிகாரமும், முயற்சியைப் போற்ற 'ஆள்வினையுடைமை' என்று 62ஆம் அதிகாரமும், ஏர் பிடிப்பவரைப் போற்ற 'உழவு' என்று 104ஆம் அதிகாரமும் இருக்கின்றன. இவற்றுள் ஆள்வினையுடைமையில் ஒரு குறளிலே 'கூலி' என்ற சொல் வருகிறது. விதி கைவிட்டாலும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி பலன் கொடுக்கும் என்பது அதன் கருத்து. அங்கே கூலி என்பது ஓர் ஆளின் பெயரன்று. உழைத்தவருக்குச் சேர வேண்டிய பாத்தியதை அது. கொடுப்பவரின் தயவு தாட்சண்யத்துக்கு அதில் இடமில்லை.

நம் மார்க்க அறிஞர்களைப் பாருங்கள். ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் ஒருவருக்கு 'கஸ்ஸாஃப்' என்று பெயர். செருப்புத் தைப்பவர் என்பது அதன் பொருள். அந்தத் தொழிலால் பிழைத்துக்கொண்டே வக்ஃபு சட்டத்தைப் பற்றி நூல் எழுதியவர் அவர். ஷாஃபி மத்ஹபில் 'கஃப்பால்' என்ற இமாம் இருந்தார்கள். பூட்டுச் செய்பவர் என்று அர்த்தம். முப்பது வயதளவில்தான் பூட்டுப் பட்டறையிலிருந்து கல்விக்கு வந்தார்கள். தாம் செய்த தொழிலின் பெயரை இவர்கள் மறைக்கவில்லை. உலகமும் அந்தப் பெயரைச் சொல்லியே இவர்களைக் கண்ணியப்படுத்துகிறது. நாமோ முடி திருத்துகிறவர் வீட்டில் பெண் கேட்கத் தயங்குகிறோம்.

தோட்டத்தில் அச்சொல் பட்ட பாடு

கூலி என்ற சொல் ஆளின் பெயராக மாறியது எப்போது? வெள்ளைக்காரர் நாட்டில் தோட்டங்களுக்காக மக்களைக் கப்பலேற்றிய காலத்தில் அது உலகமெங்கும் பரவிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் அந்தச் சொல் நம் தமிழிலிருந்து போனது என்பர் சிலர்; குஜராத்தின் கோலி என்ற ஜாதியின் பெயரிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். எப்படியாயினும், பெற வேண்டிய சம்பளத்தின் பெயர் பெறுகிறவரின் பெயராயிற்று. ஆளுக்கு வேறு பெயர் வேண்டாமென்று ஆகிவிட்டது.

நான் கடை வைத்திருக்கும் ரிங்லெட், கேமரன் மலைக்குத் தாப்பாவிலிருந்து ஏறி வருவோருக்கு முதலில் எதிர்ப்படும் ஊர். பக்கத்தில் ஹபுவில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக் கூடையைச் சுமந்தவர்களில் நம் தமிழ் மக்கள் ஏராளம். கங்காணி மூலம் ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938ல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அதற்குப் பிறகும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சரிவுகளிலேயே பிழைத்தனர்.

இவர்களைப் போன்றோரின் பாட்டைத் தமிழ் எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். புதுமைப்பித்தன் 1935ல் எழுதிய 'துன்பக்கேணி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி என்ற ஏழைப் பெண்ணின் கதை. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது. அதில் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஓராண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பலாம் என்பது அவர்கள் எண்ணம். கணக்கு அவர்களைத் திரும்ப விடுவதில்லை.

கணக்கு! வியாபாரிகளாகிய நாம் அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். துரையையும் கங்காணியையும் குறை சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் போய்ச் சேர்ந்த இடங்களில் மளிகைக் கடையும் ஒன்று. பற்றுப் புத்தகம் நம் கையில் இருந்தது. நேர்மையாக எழுதியவர்கள் உண்டு. எழுத்தறியாதவரிடம் பேனாவை ஓட்டியவர்களும் உண்டு.

இன்று இந்த மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்க இயந்திரமும் கைக்கத்தரியும் வந்துவிட்டன. வேலை செய்வோரில் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசிய நாட்டவர்கள் பலர். அன்று நம் முன்னோரைக் 'கூலி' என்றார்கள். இன்று நாம் அவர்களைப் 'பங்களா' என்கிறோம். நம்மோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறவரையும் தொழுகை முடிந்ததும் அப்படித்தான் அழைக்கிறோம்.

நாம் மறந்த பாதி

நாம் வணிகர்கள். ஆகையால் வணிகம் செய்த நாயகத்தை (ஸல்) மிகவும் விரும்பிப் பேசுகிறோம். கதீஜா நாயகியின் (ரலி) சரக்கோடு அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போனதை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார். மீலாது மேடைகளில் அதைக் கேட்டு மகிழ்கிறோம். அதற்கு முன்பு, மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத் கூலிக்கு அவர்கள் மேய்த்தார்களே. அதைத் தாமே சொல்லியும் இருக்கிறார்களே. அதை நாம் எத்தனை தடவை பேசினோம்? மூஸா நபி (அலை) மத்யனில் எட்டு அல்லது பத்து ஆண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்ததைக் குர்ஆனே கூறுகிறது. தாவூது நபி (அலை) அரசராக இருந்தும் தம் கையுழைப்பிலேயே உண்டார்கள்.

குகையில் அடைபட்ட மூவரின் சரித்திரம் நாம் மதரஸாவில் கேட்டதுதான். அம்மூவரில் ஒருவர் முதலாளி. அவரிடம் வேலை செய்த ஒருவன் கூலியை வாங்காமலே போய்விட்டான். முதலாளி அந்தக் கூலியைத் தம் பணத்தோடு கலக்கவில்லை. அவன் பெயரிலேயே பெருக்கி, நெடுங்காலம் கழித்து அவன் வந்து கேட்டபோது மந்தை மந்தையாக ஓட்டிக் கொடுத்தார். அவன் கேலி என்றே நினைத்தான். குகையை அடைத்த பாறை நகர்வதற்காக அந்த முதலாளி அல்லாஹ்விடம் முன்வைத்த அமல் அது ஒன்றுதான்.

என் கடையில் நடந்தது

இனி என் கதை. சிறு வயதில் நான் வேலை பார்த்த ஒரு கடையில் முதலாளி வீட்டார் சாப்பிட்டு மிஞ்சியதே எங்களுக்கு. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'பையன்' என்பதே எங்கள் எல்லோருக்கும் பெயர். நான் கடை வைத்தால் இப்படி நடக்க மாட்டேன் என்று அரிசி மூட்டை மேல் படுத்துக்கொண்டு பலமுறை எண்ணியிருக்கிறேன்.

அல்லாஹ் கடையும் கொடுத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூதாட்டி சாமான் வாங்க வந்தார். "பாட்டி, நீங்க தூக்க வேண்டாம். பையனை அனுப்புறேன்" என்றேன். அவர் என் கடைச் சிப்பந்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பையனா? தலை நரைச்சிருக்கே தம்பி. அவருக்குப் பேர் இல்லையா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. "எனக்கும் முப்பது வருஷம் நம்பர்தான் தம்பி. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கும்."

அன்றிரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த மாதம் சரக்குக் கொடுத்தவருக்குத் தவணை தவறாமல் பணம் போயிருந்தது. சிப்பந்தியின் சம்பளமோ பன்னிரண்டு நாள் பாக்கி. காரணம் எனக்குத் தெரியும். சரக்குக்காரருக்குத் தாமதித்தால் அடுத்த லாரி வராது. சிப்பந்திக்குத் தாமதித்தால் அவர் பேசாமல் இருப்பார்; போக்கிடமில்லை. வல்லவருக்கு முதலில் கொடுத்து எளியவரைக் காக்க வைத்திருந்தேன். கூலியைத் தாமதிக்கலாகாது என்ற நபிமொழி என் கடைச் சுவரிலேயே சட்டமிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பாக்கியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பணத்தை எண்ணவில்லை. "ஊருக்கு அனுப்பணும் முதலாளி, மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டணும். அதான் ரெண்டு நாளா தூக்கமில்லை" என்றார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா கோபிச்சுக்குவீங்களோன்னு..." என்று நிறுத்திவிட்டார். அந்தப் பதில் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

நம் கடைகளில் செய்யத்தக்கவை

1. பெயர் சொல்லி அழைப்போம். மூத்தவராயின் அண்ணன் என்போம், காக்கா என்போம். பிற நாட்டவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் உண்டு.

2. சம்பளம் முதல் செலவாகட்டும். சம்பள மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மலேசியச் சட்டம். நம் மார்க்கம் அந்த ஏழு நாளும் காத்திருக்கச் சொல்லவில்லை.

3. அளவைக் குறைக்க வேண்டாம். மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் இதுவே சட்டம். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரம். வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரை எச்சரிக்கிறது. தராசில் அரிசி குறைந்தால் பயப்படுகிறோம். சிப்பந்தியின் மணிக்கணக்கில் குறைந்தாலும் அது குறைந்த அளவுதானே!

4. கணக்கை அவருக்குக் காட்டுவோம். முன்பணம், பிடித்தம், பாக்கி மூன்றையும் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கையில் கொடுப்போம்.

சகோதரர்களே! கூலி என்பது குறளில் இருந்ததுபோல் மறுபடியும் ஒரு பாத்தியதையின் பெயராக வேண்டும். அதைச் செய்யப் புலவர்கள் தேவையில்லை. கடைக்காரர்களாகிய நாம் போதும். இந்த மாதச் சம்பள நாளில் முதலில் யாருக்குக் கொடுத்தோம் என்று நம் புத்தகத்தை நாமே புரட்டிப் பார்ப்போம். மறுமையில் அதைப் புரட்டுகிறவன் வேறு. அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.